கோலாலம்பூர் – லண்டன்: ஒரே தூரத்துக்கு ஏன் மூன்று விதமான நேரம்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். மகள் லண்டனில் தாதியாக வேலை பார்க்கிறார். செப்டம்பரில் அக்காவும் கணவரும் அவரைப் பார்க்கக் கிளம்புகிறார்கள், இருவருக்கும் இவ்வளவு நீண்ட பயணம் இதுவே முதல் முறை. தூரம் கணக்கிட்டுச் சொல்லும் ஓர் இணையப் பக்கம் 11 மணி 50 நிமிடம் என்கிறதாம். டிக்கெட்டில் போகும்போது 14 மணி நேரம், வரும்போது 13 மணி நேரம் என்று இருக்கிறதாம். எதை நம்புவது? சென்னை வழியாகப் போகலாம் என்று தம்பி சொல்கிறாரே, அது வீண் சுற்றா? கணவருக்கு இனிப்பு நீர், இன்சுலின் போடுகிறவர், அவருக்கு என்ன செய்வது?

விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் போடும் பிரிவில் நான் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: டிக்கெட்டில் இருப்பதை நம்புங்கள். இணையப் பக்கம் தூரத்தைச் சரியாகத்தான் சொல்கிறது, நேரத்தில்தான் கோட்டை விடுகிறது.

முதலில் தூரம். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். அதையே சில இடங்களில் 6,590 மைல் என்றும், சில இடங்களில் 5,730 கடல் மைல் என்றும் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒன்றுதான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், விமானிகளின் கணக்கு முழுக்க அதில்தான் ஓடும்.

இந்த நேர்த்தூரம் சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் அடிக்கோல் வைத்து இழுத்த கோடு அல்ல. தமிழ்ப்பள்ளியில் உருண்டை வடிவ உலகப் படம் இருந்தால் ஒரு நூலை எடுத்து கோலாலம்பூரில் ஒரு முனை, லண்டனில் ஒரு முனை வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வங்காள விரிகுடாவைத் தாண்டி ஒடிசா கரையில் ஏறும், டில்லிக்குச் சற்றுக் கிழக்கே போகும், காஷ்மீர்ப் பக்கம் மலைகளைக் கடந்து உஸ்பெகிஸ்தானின் தெற்கு மூலையைத் தொடும். பயணத்தின் சரிபாதி அங்கேதான் வருகிறது. அப்புறம் காஸ்பியன் கடலின் வடமுனை, தெற்கு ரஷ்யா, உக்ரைன், போலந்து, ஜெர்மனி என்று போய் இங்கிலாந்தில் இறங்கும். பூமி உருண்டை என்பதால் குறுக்கு வழி இப்படி வடக்கே வளைந்துதான் அமையும்.

இணையப் பக்கம் செய்வது என்னவென்றால், இந்த 10,600ஐ மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுக்கிறது. 11 மணி 47 நிமிடம் வரும், அதைச் சற்றே உருட்டி 11 மணி 50 நிமிடம் என்று காட்டுகிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த நூல் போகும் வழியில் இப்போது எந்த மலேசிய விமானமும் முழுதாகப் பறக்க முடியாது.

காரணம் நம் நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரைனுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் போனார்கள். அது யாரும் துணிந்து நுழைந்த புது வழி அல்ல. ஐரோப்பாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் இடையே பல நாட்டு விமானங்கள் தினமும் போய்வந்த வழக்கமான வான்பாதை. 2022 பிப்ரவரி 24இல் போர் மூண்டதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு முழுதாக மூடிக் கிடக்கிறது. ரஷ்ய வான்வெளியையும் பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன.

அப்படியானால் மேற்கே போக மிச்சம் இருப்பது என்ன? இந்தியாவைக் கடந்ததும், ஒன்று ஈரான் அல்லது வளைகுடா நாடுகள் வழியாகத் துருக்கிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மத்திய ஆசியா வழியாகக் காஸ்பியன் கடலைத் தாண்டி அஸர்பைஜான், ஜார்ஜியா என்று கருங்கடலுக்குப் போக வேண்டும். ரஷ்யாவுக்கும் ஈரானுக்கும் நடுவே உள்ள அந்த இரண்டாவது வழி மிகவும் ஒடுக்கமானது. 2025 ஜூனில் இஸ்ரேல், ஈரான் சண்டையின்போது ஈரான், ஈராக் வான்வெளி மூடப்பட்டதும் எல்லா விமானங்களும் மீதியிருந்த வழிகளில் நெருக்கியடித்தன. எந்த வழி என்பதை அன்றன்றைக்குக் காற்று, வானிலை, மூடல் அறிவிப்புகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நேற்று போன வழியிலேயே இன்றும் போகும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. இந்த வளைவுகளையெல்லாம் சேர்த்தால் உண்மையில் பறக்கும் தூரம் 11,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

அடுத்தது காற்று. போக 14, வர 13 என்ற வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் இதுதான். பூமி சுற்றுவதால்தான் இப்படி என்று டீக்கடையில் விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அது தப்பு. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது. அவர்கள் சொல்கிறபடி பார்த்தால் லண்டன்தான் நம்மை நோக்கி ஓடி வர வேண்டும், போகிற பயணம்தான் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பது தலைகீழ். காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் அந்தச் சுழற்சி விமானத்துக்கு நேரடியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

ஆனால் நம் நிலநடுக்கோட்டுப் பகுதியைத் தாண்டி வட இந்தியா, ஈரான், துருக்கி அளவுக்கு வடக்கே போனால், 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பலத்த காற்றோட்டம் இருக்கிறது. ஜெட் காற்று என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் வீசும். அதை 1920களிலேயே பலூன் விட்டு அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். உலகம் படிக்கட்டும் என்று தன் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார், அதனாலேயே உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. பாவம் மனிதர்.

விமானத்தின் வேகம் சுற்றியுள்ள காற்றை வைத்துத்தான். பேராக் ஆற்றில் ஒரே மோட்டார் படகு நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெதுவாக நகரும் இல்லையா, அதேதான். மேற்கே போகும்போது சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 என்பது தரைக்கணக்கில் 850 ஆகிவிடும். 11,100 கிலோமீட்டரை 850ஆல் வகுத்தால் 13 மணி நேரத்துக்குச் சற்று மேல். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், 940 என்று வைத்தால் 11 மணி 50 நிமிடம் போல வரும். காற்றின் அளவை நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டேன், அது நாளுக்கு நாள் மாறும். இருக்கைக்கு முன்னால் உள்ள சின்னத் திரையில் தரை வேகம் என்று ஒரு எண் ஓடும், போகும்போதும் வரும்போதும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போவது செப்டம்பரில், அப்போது ஜெட் காற்று வடக்கே ஒதுங்கி வலுக் குறைந்திருக்கும். ஜனவரியில் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் உறைக்கும்.

மீதி ஒரு மணி நேரம் போல எங்கே போனது? டிக்கெட்டில் உள்ள நேரம் சக்கரம் மேலே எழும்பும் கணத்திலிருந்து எண்ணுவது அல்ல. வாயிலில் இருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல் அங்கே வாயிலில் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். மேலேறும்போதும் இறங்கும்போதும் 900 வேகம் கிடையாது. நீண்ட பயணத்துக்கு எரிபொருள் நிறைத்துக் கிளம்பும் விமானம் கனமாக இருப்பதால் எடுத்த எடுப்பில் உச்ச உயரத்துக்கும் போக முடியாது, எரிபொருள் கரையக் கரையப் படிப்படியாகத்தான் ஏறும். அப்புறம் ஹீத்ரோ. அவ்வளவு பெரிய விமான நிலையத்துக்கு ஓடுபாதை இரண்டே இரண்டு. வரும் விமானங்களை லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில் அடுக்கடுக்காக வட்டமடிக்க வைத்து ஒவ்வொன்றாக இறக்குவார்கள். இரவு 11.30 முதல் காலை 6 வரை எத்தனை விமானம் வரலாம் என்பதற்குக் கட்டுப்பாடும் உண்டு. ஆசியாவிலிருந்து இரவெல்லாம் பறந்து வருபவை விடியற்காலையில் ஒரே நேரத்தில் அங்கே குவியும். தாமதங்களை நினைத்துக் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டிருப்பார்கள், அதனால் சில நாள் அரை மணி முன்னதாகவே இறங்கினாலும் ஆச்சரியமில்லை.

சரி, சென்னை வழி. தம்பி சொல்வதைச் சுற்று என்று தள்ளிவிடாதீர்கள். கேஎல்ஐஏவிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர், சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு 8,230. கூட்டினால் 10,860. நேராகப் போவதைவிட 260 கிலோமீட்டர்தான் அதிகம், ஈப்போவிலிருந்து கேஎல்ஐஏவுக்குக் காரில் போகிற அளவு. துபாய் வழி என்றால் 5,550, 5,500 சேர்த்து 11,050. அதுவும் 450 கிலோமீட்டர்தான் கூடுதல். உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும், இரண்டு ஊரும் அந்தக் கோட்டிலிருந்து ரொம்ப விலகி இல்லை. வளைகுடா விமான நிறுவனங்கள் நம்மையும் ஐரோப்பாவையும் இணைத்துப் பிழைப்பதற்கு இந்த இருப்பிடமே பாதிக் காரணம்.

தூரத்தில் பெரிய நட்டம் இல்லை, நேரத்தில்தான். ஒருமுறை கூடுதலாக இறங்கி ஏறினால் ஊர்வது, இறங்குவது, ஏறுவது என்று முக்கால் மணியாவது போகும், இடையில் காத்திருப்பு இரண்டு மணியாகவும் இருக்கலாம், பத்து மணியாகவும் இருக்கலாம். இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டி நேராக லண்டன் போய்விடும், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பும் நிறுவனத்துடையது. மலிவு என்று இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் சென்னையில் குடிநுழைவைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் போட வேண்டும். அதற்கு இந்திய விசா முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். விமானம் தவறினால் கேட்க நாதி இல்லை. முதன்முறை போகிற இரண்டு பேருக்கு, அதிலும் ஒருவருக்கு உடம்பு சரியில்லாதபோது, இந்த இரண்டாவது ஏற்பாட்டை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

தம்பி சொல்வதுபோல் சென்னையில் நாலைந்து நாள் தங்கி ஊரில் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டுப் போவது என்றால் அது வேறு கதை, மிக நல்ல யோசனை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜுலா கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடந்து வந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். இப்போது அதே கடலை நாலு மணி நேரத்தில் தாண்டிவிடலாம். மகளைப் பார்க்கும் அவசரம் இல்லையென்றால் இறங்கிப் போங்கள். நேராக லண்டன் போவதுதான் நோக்கம் என்றால் நேரடி விமானமே நல்லது. மலேசியா ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ350இல் நேராகப் பறக்கிறது.

இப்போது கடிகாரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் மலேசிய நேரம், சேரும் நேரம் லண்டன் நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நம்மைவிட 7 மணி நேரம் பின்னால் இருக்கும், மற்ற மாதங்களில் 8. செப்டம்பர் என்பதால் உங்களுக்கு 7. உதாரணத்துக்கு, இரவு 11.30க்குக் கிளம்பினால் 14 மணி நேரம் கழித்து நம் ஊரில் மறுநாள் மதியம் 1.30, அங்கே காலை 6.30. சூரியனுக்கு முன்னால் மேற்கே ஓடிக்கொண்டே இருப்பதால் ஜன்னலுக்கு வெளியே இறங்கப்போகும் நேரம் வரை விடியாது, ஏறக்குறைய முழுப் பயணமும் இருட்டுதான். (சூரியனைக் கேட்டால் தீபகற்ப மலேசியாவுக்கும் லண்டனுக்கும் உள்ள வேறுபாடு 7 மணிகூட இல்லை. 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக்கோடு ஒத்துப்போக இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கப்புறம் தோட்டத்தில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் எண்ணும் காலை வரிசைக்கு) இன்னும் இருட்டிலேயே நிற்க வேண்டியதாயிற்று என்று பழைய ஆட்கள் அலுத்துக்கொள்வார்கள்.)

இன்சுலின் விஷயம் இந்தக் கடிகாரத்தோடுதான் பின்னிக் கிடக்கிறது. மேற்கே போகும்போது அந்த ஒரு நாள் உங்களுக்கு 31 மணி நேரம் நீளும். வரும்போது 17 மணி நேரமாகச் சுருங்கும். வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது, சாப்பாடும் விமானத்தில் அவர்கள் கொடுக்கிற நேரத்துக்குத்தான் வரும். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று நான் சொல்லக்கூடாது, அது மருத்துவர் சொல்ல வேண்டியது. பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே கிளினிக்குக்குப் போகும்போது புறப்படும் நேரம், சேரும் நேரம் எழுதிய டிக்கெட்டையே கையில் கொண்டு போய்க் காட்டுங்கள். மலேசிய நேரப்படி மணி எழுதிய ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள், அதோடு இன்சுலினும் ஊசியும் எடுத்துச்செல்ல ஒரு கடிதமும். மாமா கையில் ஒரு கடிகாரத்தைப் பயணம் முடியும்வரை மலேசிய நேரத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், குழப்பம் குறையும். இன்சுலின் கட்டாயம் கைப்பையில் இருக்க வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம், பெட்டி வராமலும் போகலாம். சர்க்கரை இறங்கினால் சாப்பிட இனிப்போ பிஸ்கட்டோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பணிப்பெண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 14 மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் யாருக்கும் பாதம் வீங்கும், இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்கி, விழித்திருக்கும்போது அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, யாரும் கணக்கில் சேர்க்காத நேரம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வழியாக நெடுஞ்சாலை பிடித்து கேஎல்ஐஏ போக நாலு மணி நேரம் வையுங்கள். பெருநாள், பள்ளி விடுமுறை சமயம் என்றால் தாப்பாவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை எப்போது வேண்டுமானாலும் நெரியும், இன்னும் இரண்டு மணி சேருங்கள். ரயில் பிடிக்கும் என்றால் சில இடிஎஸ் வண்டிகள் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கின்றன, கேஎல் சென்ட்ரலில் இறங்கி விரைவு ரயில் ஏறினால் 28 நிமிடத்தில் முதல் முனையம். பெரிய பெட்டிகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு, ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்திலிருந்து கேஎல்ஐஏ போகும் பஸ்ஸுக்கு. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். முதல் முனையத்தில் நீண்டதூர விமானங்கள் பல, தள்ளி இருக்கும் துணைக் கட்டடத்திலிருந்து கிளம்பும். அங்கே போகும் ஏரோட்ரெயின் 2023 மார்ச்சில் நின்று 2025 ஜூலை 1இல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறினால் சில நிமிடம்தான், ஆனால் ரயில் வரை நடக்கவே மாமாவுக்கு நேரம் பிடிக்கும். சக்கர நாற்காலி உதவி வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஹீத்ரோவில் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் தானியங்கி வாயிலில் நுழைந்துவிடுவார்கள். மலேசியர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, வரிசையில் நின்று அதிகாரியைப் பார்க்க வேண்டும். அதோடு 2025 ஜனவரி 8 முதல் சுற்றுலாவாகப் போகும் மலேசியர்களுக்கும் இடிஏ எனும் மின்னியல் அனுமதி கட்டாயம், கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம், மகளையே செய்யச் சொல்லுங்கள்.

ஆக வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மகள் வீட்டுக் கதவைத் தட்டும்வரை 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வரும்போது அழைத்துப் போக வருகிறவரிடம் தேதியைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: லண்டனில் காலை 11 மணிக்கு ஏறினால் இங்கே இறங்குவது மறுநாள் காலை 7 மணிக்கு. டிக்கெட்டில் புறப்படும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு ஒருநாள் முன்பே வந்து கேஎல்ஐஏவில் காத்துக் கிடந்தவர்கள் நிறையப் பேர்.